தண்ணிப் படம்

அந்த உருளை உங்க முட்டியில இடிக்குதுங்களா தம்பி? இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். மடங்கிடுச்சுன்னா போச்சு. உள்ள இருக்கறது படம். படம்னா வெறும் படம் இல்லைங்க, என்ற குடும்பமே இப்ப அதுக்குள்ளதான் சுருண்டு கெடக்குது. சிரிக்காதீங்க. நீங்க மூலனூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்துன ஸ்டாப்புல எறங்கோணும். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். உங்களைப் பார்த்தா நாலு எடம் போய் வந்தவராட்டத் தெரியுது. கேட்டுட்டு ஒரு வழி சொல்லுங்க.

தாராபுரத்துல பிளெக்ஸ் கடை வெச்சிருக்கறேன். துளசி டிஜிட்டல். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. பார்த்திருப்பீங்க, போர்டு ராத்திரி முழுக்க எரியும். துளசிமணிங்கறது என்ற சம்சாரம் பேரு. அவ பேருலதான் கடை. இந்தச் சண்டையில அதையும் சொல்லிப் பார்த்தேன், ஊருக்கே தெரியற மாதிரி உம் பேரை வெளக்குப் போட்டு வெச்சிருக்கறேன், இன்னும் என்ன வேணும்னு.

நம்ம தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லீர்றேன், அப்பத்தான் நான் தப்புப் பண்ணலைன்னு உங்களுக்குப் புரியும். கல்யாணம், காதுகுத்து, சீரு, எழவு, எல்லாத்துக்கும் மூஞ்சி நம்ம கடையில இருந்துதான் ரோட்டுக்குப் போகுது. வர்ற போட்டோவ அப்படியே அடிச்சுக் குடுத்தா ஒருத்தனும் மறுக்கா வர மாட்டான். கருப்பா வந்தா செவப்பாக்கோணும். சொட்டைக்கு முடி வெக்கோணும். கண்ணு மூடியிருந்தா அதே ஆளோட வேற போட்டோவுல கண்ணெடுத்து ஒட்டோணும். இதையெல்லாம் பண்ணச் சொல்லி யாரும் வாய் தொறந்து கேக்க மாட்டாங்க. பண்ணலைன்னா மட்டும் அடுத்த தடவ பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க. நான் பண்ணுவேன். காசு வாங்கறதில்லை அதுக்கு. என்ற கைப்பழக்கம்.

இப்ப ஆடி மாசம். கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, மெஷின் சும்மா நிக்குது. அந்த நேரத்துல ஒரு பொண்ணு வந்துச்சுங்க. அனிட்டான்னு பேரு, கோயமுத்தூரு. என்ற மச்சான் மக கூடப் படிச்ச பொண்ணு. ஜீன்ஸ் பேண்டு, தோள்ல பெரிய கேமரா. அங்கிள், கண்காட்சி வெக்கப் போறேன், படத்தையும் எழுத்தையும் துணியில அடிச்சுத் தொங்க விடோணும், காத்துல ஆடோணும்னுச்சு. எங்க வெக்கறேன்னு கேட்டா நம்ம ஊரு மண்டபத்துல. ஆடியில மண்டபம் காலியாக் கெடக்குது, சும்மாவே குடுத்துட்டாங்களாம். படத்துல இருக்கற பொம்பளைங்க எல்லாம் சுத்துப்பட்டுக்காரங்க, அவங்க வந்து பாக்கோணும், கோயமுத்தூர்ல வெச்சா யாரு வருவாங்கன்னுச்சு. நியாயந்தான். அப்பறம் பென்டிரைவக் குடுத்துட்டுப் போயிருச்சு.

போட்டுப் பார்க்கறேன். பூராவும் பொம்பளைங்க. கெணத்துக்குள்ள மல்லாக்க மெதக்கறாங்க. மேல நின்னு எடுத்திருக்குது. மூஞ்சி மட்டும் தண்ணிக்கு மேல, காது தண்ணிக்குள்ள, முடி அவுந்து பரவிக் கெடக்குது, கண்ணு மூடியிருக்குது. கீழ நாலு வரி எழுத்து. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. இத்தனை பேரா, எங்க நடந்துச்சு, பேப்பர்லகூட வரலையேன்னு. போனைப் போட்டு, ஏம்மா, தோற்றம் மறைவு தேதியெல்லாம் குடுக்கலையேன்னு கேட்டேன்.

அங்கிள், அவங்கெல்லாம் உசுரோட இருக்காங்க அங்கிள்னுச்சு.

நீங்களே சொல்லுங்க. கண்ணை மூடிட்டு அசையாம ஒரு ஆளு இருந்தா, எங்க தொழில்ல அது ஒண்ணுக்குத்தானுங்களே? நான் மேகமும் தீபமும் எடுத்து ரெடியா வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு வெளக்குச்சு. இந்தப் பொம்பளைங்க ஊட்டுல ஒரு நிமிசம் அசையாம இருந்ததே இல்லையாம், தண்ணியிலதான் ஒடம்பு அவங்களுதாட்ட இருக்குதாம், அதுதான் கண்காட்சியாம். கண்காட்சிக்குப் பேரு 'அசையாத் தண்ணி'. ஊட்டுல சோலி கெடக்கும்போது கெணத்துல படுத்துக் கெடக்கறதுக்கு ஒரு கண்காட்சியான்னு நெனச்சேன். வாயால சொல்லலை. காசு குடுக்கற பார்ட்டி.

சரி, வேலைக்கு வர்றேன். படம் பூரா இருட்டுங்க. கெணத்துத் தண்ணி பாசி புடிச்சுக் கரும்பச்சையா இருக்குது. தோலெல்லாம் வெயில்ல வெந்த கருப்பு. இதை இப்படியே தொங்க விட்டா நம்ம பேரு என்ன ஆகறது? சும்மாதான இருக்கறோம்னு உக்காந்தேன். முதல்ல தண்ணிய நீலமாக்குனேன். என்ன நீலம்ங்கறீங்க, குடிக்கலாமாட்ட இருந்துச்சு. அப்பறம் ஒவ்வொருத்தரையும் செவப்பாக்குனேன். ஒருத்திக்கு வயித்துல சுருக்கம், எடுத்தேன். ஒருத்திக்குக் கழுத்துல மரு, எடுத்தேன்.

ஒரே ஒரு படந்தான் என்ற உசுர வாங்கிருச்சு. அந்தப் பொம்பளைக்கு இடது கையில, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு கறை. தோல் சுருங்கிப் பளபளன்னு, காஞ்ச மாட்டுத்தோலு மாதிரி. அதை எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. பக்கத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒட்டோணும், ஒட்டுனது தெரியக் கூடாது, மேல தண்ணி மினுமினுப்பு வேற. மத்தியானச் சோத்துக்குக்கூட எந்திரிக்காம அந்தக் கையே கதின்னு உக்காந்திருந்தேன். முடிச்சப்பப் பாருங்க, சினிமா நடிகை கையாட்டம். எனக்கே பெருமையா இருந்துச்சு.

அது துளசி கைங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. உங்க சம்சாரத்த மேல இருந்து, தண்ணியில, முடிய விரிச்சு, கண்ணை மூடி எடுத்துக் காட்டுனா நீங்களுந்தான் தெணறுவீங்க. அவ முடிய அவுத்துவிட்டு நான் எங்க பார்த்தேன்? எப்பவும் கொண்டைதான். இன்னொண்ணு, நாங்க வேலை செய்யறப்ப மூஞ்சியப் பாக்க மாட்டோம், ஜூம் போட்டுத் தோலைத்தான் பாப்போம். கிட்டப் போகப் போக ஆளு தெரியாதுங்க. வெறும் கலர் கலராத்தான் தெரியும். நேத்துப் போன்ல இதைச் சொன்னா அவ ஒரு சிரிப்புச் சிரிக்கறா பாருங்க. அழுதாக்கூடத் தாங்கிக்கலாம்.

அவ எதுக்குக் கெணத்துக்குப் போனாள்னு கேளுங்க. தோள்பட்டை இறுகிப் போச்சு. கையத் தூக்கித் தலை சீவ முடியலைன்னு சொல்லிட்டே இருந்தா. தைலம் வாங்கிக் குடுத்தேன். டாக்டரு தண்ணிக்குள்ள கைய அசைச்சுப் பழகச் சொல்லிருக்காரு. அவ அண்ணன் தோட்டத்துல, இப்ப நான் போற எடந்தான், நல்ல கெணறு, படி வெச்சது. ஞாயித்துக்கெழமை ஆனா அங்க போயிருவா. அங்கதான் அந்தக் கேமராப் பொண்ணு புடிச்சிருக்குது. எங்கிட்டச் சொல்லவே இல்லைன்னு அதே போன்ல நான் சண்டை போட்டேன். சொன்னனேங்கறா. நீங்க கம்ப்யூட்டரப் பார்த்துட்டே 'ம்'னீங்களேங்கறா. நான் நாளைக்கு நூறு தடவ 'ம்'ங்கறேன், எதுக்குன்னு கண்டேன்?

இதுல கூத்து என்னன்னா, அந்தப் புள்ளைய என்ற கடைக்கு அனுப்புனதே இவதானாம். எங்க ஊட்டுக்காரரு கையால அடிச்சாத்தான் படம் நல்லா வரும்னு சொன்னாளாம். படம் வந்த அன்னைக்கு ராத்திரி சோறு போட்டுட்டே, இன்னைக்கு என்ன வேலை வந்துச்சுன்னு கேட்டா. ஏதோ தண்ணிப் படம்னேன். அப்பறம்னா. அப்பறம் என்ன, பூராவும் இருட்டு, சரி பண்ணிட்டு இருக்கறேன்னேன். தட்டுல ரசத்த ஊத்திட்டு உள்ள போயிட்டா. மறுநாளும் கேட்டா. அதுக்கு மறுநாளும் கேட்டா. என்னடா இவ, என்னைக்கும் இல்லாம தொழிலைப் பத்திக் கேக்கறாளேன்னு எனக்குச் சந்தோசந்தான். ஏன்னா, தொழிலுப் பக்கம் அவ எட்டிப் பாக்கறதை விட்டுப் பல வருசம் ஆச்சுங்க.

ஆரம்பத்துல அவளுந்தான் கடையில நின்னா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருதான், ஆளு வெக்க வசதி இல்லை. ஒரு எலக்‌ஷன் நேரம். பெரிய பேனரு, ரோட்டுக்குக் குறுக்கால கட்டறது. ரெண்டு துண்டா அடிச்சு நடுவுல ஒட்டோணும். சூடு காத்து ஊதி ஒட்டற கன் ஒண்ணு இருக்குதுங்க, ஹீட் கன்னும்போம். அவ ஒரு பக்கம் உக்காந்து ஊதிட்டு வர்றா, நான் எதிர்ப்பக்கம் துணியப் புடிச்சிருக்கறேன். கட்சிக்காரங்க வாசல்ல வண்டியோட நிக்கறாங்க. சீக்கிரம் ஆகட்டும்னு நான் ஒரு இழுப்பு இழுத்தேன். இவ என்ன பண்ணுனாளோ, கைய ஒதறிட்டா. கன்னு அப்படியே பேனரு மேல விழுந்துருச்சு. தலைவர் கன்னத்துல ஓட்டைங்க. ஒரு தட்டு அகலத்துக்கு. எதுக்கு ஒதறினாள்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் கத்துன கத்துல அவ எந்திரிச்சுப் பொடக்காலிக்குப் போயிட்டா. போய், கொல்லையில இருக்கற தண்ணித் தொட்டி ஓரமா உக்காந்து, கைய உள்ள விட்டுட்டு, அசையாமக் கெடக்கறா. இங்க நான் ஒத்தை ஆளா வேற கன்னத்த அடிச்சு ஒட்டிட்டு இருக்கறேன். வா வான்னு கூப்படறேன், திரும்பிக்கூடப் பாக்கலை. பொழுதெறங்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. அந்த அழுத்தம் அப்பவே இருந்துச்சுங்க அவகிட்ட. அதுக்கப்பறம் கடைக்கு வர்றதையும் நிறுத்திட்டா. சரி, அது பழைய கதை. எங்க விட்டேன்?

ஆங், கண்காட்சி. தொறக்கற அன்னைக்குக் காலையில நானே ஏணி போட்டு எல்லாத்தையும் தொங்க விட்டேன். அந்தப் பொண்ணு சாப்பாட்டுச் சோலியா போயிருந்துச்சு. திரும்பி வந்து வாசல்ல நின்னுது பாருங்க, அப்படியே நிக்குது. அங்கிள், தண்ணி ஏன் நீலமா இருக்குதுன்னுச்சு. எக்ஸ்ட்ரா காசு வேண்டாம்மான்னேன். ஒவ்வொரு துணியாப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்துச்சு. அப்பறம் ஒரு மூலையில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துருச்சு. படிச்ச புள்ளைங்களுக்கு நன்றியே கெடையாதுங்க. கோயமுத்தூர்ல இந்த வேலைக்கு எவ்வளவு புடுங்குவாங்க தெரியுமா?

சாயங்காலம் பொம்பளைங்க எல்லாம் வந்துட்டாங்க. துளசி எங்கூடத்தான் வந்தா. புதுச் சேலை, தலை நெறையப் பூவு. எனக்கென்ன தெரியும், கண்காட்சிக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்னு நெனச்சேன். நேராப் போய் அந்தப் படத்துக்கு முன்னால நின்னா. என்னையும் பக்கத்துல வரச் சொன்னா.

"இது யாருங்க?"ன்னு கேட்டா.

"யாரோ மூலனூர்ப் பக்கம். ஏன், உனக்குத் தெரிஞ்சவளா?"ன்னேன்.

பக்கத்துல துளசியோட அண்ணன் பொண்டாட்டி நின்னுட்டு இருந்துச்சு. அதுதான் வாயப் பொத்திச் சிரிச்சுட்டு, ஏனுங்ணா, கட்டுன பொண்டாட்டியவே தெரியலீங்களான்னு கேட்டுச்சு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருக்கும்? சமாளிக்கோணும்ல? அட, தெரியாமயா, வெளையாட்டுக்குச் சொன்னேன், பாரு, இருவது வயசு கொறச்சு வெச்சிருக்கறேன்னு சொன்னேன்.

துளசி சிரிக்கலை. அவ இடது கைய நீட்டி அந்தத் துணியில இருக்கற கை மேல வெச்சா. பக்கத்துப் பக்கத்துல. இதுல தழும்பு, அதுல ஒண்ணுமில்லை. நான் பண்ணுன வேலை அவ்வளவு சுத்தம்.

"இங்க ஒண்ணு இருந்துச்சுங்களே"ன்னா.

"ஆமா, ஏதோ கறை மாதிரி. எடுத்துட்டேன்."

"கறைங்களா?"

அவ்வளவுதான். தலையில இருந்த பூவ எடுத்து பக்கத்துல கெடந்த சேர் மேல வெச்சுட்டு, அவ அண்ணன் கார்ல ஏறிப் போனவதான். ஊட்டுக்கு வரலை. ஊருல கேக்கறாங்க, சம்சாரம் எங்கன்னு. ஆடிக்கு அழைச்சுட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டு இருக்கறேன். பேரன் எடுக்கற வயசுல புதுப்பொண்ணாட்ட ஆடிக்குப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டாளான்னு கிண்டல் பண்றாங்க.

நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? குடிக்கறேனா? அடிச்சனா? இருக்கறதுக்கு மேல அழகாக் காட்டுனேன். அது தப்பா? கட்டுன நாள்ல இருந்து அவ கைய அவ்வளவு நேரம் நான் உத்துப் பார்த்ததே இல்லைங்க. ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். அதை எவனாச்சும் கணக்குல எடுக்கறானா?

போன் பண்ணுனேன். எடுக்கலை. மச்சானுக்குப் போட்டேன், நீங்களாச்சு அவளாச்சுன்னுட்டாரு. கடைசியா நேத்து அவளே கூப்ட்டா. நான் உடனே, சரி தாயி, பழையபடியே அடிச்சுக் கொண்டாறேன், பாசி, கருப்பு, கறை எல்லாத்தோடயும், ஒரு புள்ளி தொடலைன்னேன். அடிச்சுட்டேன், இதா இந்த உருளையில இருக்கறது அதுதான். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா?

"படத்தை நீங்களே வெச்சுக்குங்க. அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. சொன்னீங்கன்னா உங்ககூடவே வந்தர்றேன்."

இதென்னங்க, இந்த வயசுல பரீட்சையா? சொல்லலைன்னா நீ என்ன பண்ணுவேன்னேன். இங்கயே இருந்துக்கறேன்னா. சத்தம் போட்டுச் சொன்னாக்கூடக் கோவம்னு விட்டறலாம். எண்ணெய் தீந்து போச்சு, வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி சொல்றா. அதுதான் எனக்குப் பயமா இருக்குதுங்க. மெய்யாலுமே வர மாட்டா. நாலு நாளா ஊடு ஊடாவே இல்லை. டிவியப் போட்டா அது பாட்டுக்குப் பேசிட்டு இருக்குது. சோத்த வடிக்கத் தெரியாம கொழைச்சுத் தின்னுட்டு இருக்கறேன். அவ இல்லாம எனக்கு ஆகாதுங்க தம்பி. அதை அவகிட்டச் சொன்னா, ஆள் வெச்சுக்குங்கங்கறா.

ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கல்யாணத்தப்பவே இருந்துச்சான்னு பார்க்கக் கல்யாண ஆல்பத்த எடுத்தேன். கை நெறைய வளையலு, மருதாணி, ஒண்ணும் தெரியலை. குழந்தையில வெந்நி கொட்டிருக்கும்னு ஒரு யோசனை. குக்கர் ஆவி அடிச்சிருக்கும்னு ஒரு யோசனை. பொம்பளைங்களுக்குச் சமையக்கட்டுலதான வரும் இதெல்லாம்? அந்தப் படத்துக் கீழ அவ சொன்னதுன்னு அந்தப் பொண்ணு எழுதி வெச்சிருக்குது, அதுலயாவது தடயம் கெடைக்குமான்னு பார்த்தேன். எனக்கு மனப்பாடமாவே ஆயிருச்சு. "முதல்ல கைய மட்டுந்தான் தண்ணிக்குள்ள விட்டேன். அசைக்காம இருந்தா எரிச்சல் தெரியலை. முழுசா எறங்கறதுக்கு இத்தனை வருசம் ஆயிருச்சு." இதுல என்னங்க இருக்குது? கையாம், தண்ணியாம். படிச்ச புள்ளைங்க சகவாசம், இவளும் கவிதையாட்டப் பேசப் பழகிட்டா. எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை இருக்குதுங்களா அதுல? அதை நான்தான் அடிச்சேன், ஒரு எழுத்து மாத்தலை. எழுத்துல நான் கை வெக்கறதே இல்லை.

நீங்க சொல்லுங்க. குக்கர்னு சொல்லட்டுங்களா? வெந்நியா? தைரியமா ஒண்ணச் சொல்லிட்டா, பாதி சரியாப் போனாலும் வந்துருவாள்னு நெனைக்கறேன்.

என்னது?

ஹீட் கன்னா? அட, நீங்க வேற. அது வேற கதைங்க தம்பி, அது பேனரு போன கதை. நான் உங்ககிட்டக் கேக்கறது கையைப் பத்தி. ரெண்டையும் போட்டுக் கொழப்பறீங்க பாருங்க. அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா சொல்லியிருக்க மாட்டாளா? தலைவர் கன்னந்தான் போச்சு. அதுக்கே கட்சி ஆபீசுல போய்க் கையக் கட்டி நின்னேன்.

கண்டக்டரே, தோட்டத்து ஸ்டாப், எறக்கி விட்டுருங்க. கொஞ்சம் காலை எடுங்க தம்பி, நான் எந்திரிக்கோணும். உருளை இடிச்சுரப் போகுது, பார்த்து. குக்கர்னே சொல்லீர்றேன். குக்கர்தான் நம்பற மாதிரி இருக்குது.

இன்னும் என்ன கேக்கறீங்க? தொட்டியில அவ எந்தக் கைய விட்டுட்டு உக்காந்திருந்தாள்னுங்களா?

அதை யாரு பார்த்தா தம்பி. நான் பேனரையில்ல பார்த்துட்டு இருந்தேன்.